பூனை இறக்கிய பியானோ

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குபவர்கள் மத்தியில் அவரைப் 'பூனை' என்றால்தான் தெரியும். பீரோவைச் சுமந்துகொண்டு படி ஏறினாலும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காது. எடுத்த பாரத்தை நடுவழியில் இறக்கி வைத்து இளைப்பாறியதும் கிடையாது. அந்த வீம்புதான் ஒருநாள் ஒரு ஃப்ரிட்ஜைச் சுமந்தபோது அவர் முதுகைப் பதம் பார்த்தது.

இனி கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி வேன் ஓட்டினாள். அவள் தம்பி ஆட்களை வைத்துக்கொண்டு சாமான் தூக்கினான். பூனை வீட்டில் டிவி ரிமோட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்போதுதான் பியானோ வேலை வந்தது. மூட்டுவலியால் அவதிப்பட்ட ஒரு பாட்டு டீச்சர் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுத் வேறொரு தரைத்தள வீட்டுக்குக் குடிபோகிறார். ஆள் உயரப் பழைய பியானோ; குறுகலான படிக்கட்டு; நடுவில் ஒரு திருப்பம். பார்த்துவிட்டு வந்த மைத்துனன் கையை விரித்துவிட்டான். வேலையை ஒப்புக்கொண்டாயிற்று என்றாள் மனைவி. பிறகு கணவரைப் பார்த்தாள்.

"நீங்க தூக்க வேணாம். கூட வந்து நில்லுங்க, போதும்."

"நின்னு வேடிக்கை பாக்கவா?" என்று முறைத்தார். ஆனாலும் மறுநாள் காலையில் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

பியானோவின் மூடி திறந்துகொள்ளாதபடி கட்டச் சொன்னார். மூலைகளுக்குக் கம்பளி சுற்ற வைத்தார். அதன் குட்டிச் சக்கரங்களை நம்பி உருட்டினால் தரை கீறும், சக்கரமும் முறியும் என்று படிவரை தள்ளுவண்டியில் கொண்டுவரச் செய்தார். அங்கிருந்து தோளில் மாட்டிய பட்டைகளோடு ஆட்கள் இறக்க, அவர் மேலே நின்று படிக்குப் படி குரல் கொடுத்தார்.

திருப்பத்துக்கு வந்தபோது, கீழ்ப்பக்கம் பிடித்திருந்த மைத்துனனின் மணிக்கட்டு நடுங்குவதைப் பார்த்துவிட்டார். அவர் கை தானாகப் பட்டையை நோக்கிப் போனது. கீழே வாசலில் நின்ற மனைவி அண்ணாந்து பார்த்தாள். பூனை கையை இழுத்துக்கொண்டார்.

"இறக்கி வை, மாப்ளே."

"முடியும் மாமா. இன்னும் கொஞ்சம்தான்."

"நானும் அப்படிச் சொன்னவன்தான். பியானோ எங்கயும் ஓடிடாது. வை."

திருப்பத்தின் சமதளத்தில் வைத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். மூச்சு வாங்குவது நின்ற பிறகு, பியானோவை நிமிர்த்தியபடியே மெல்லத் திருப்பச் சொன்னார். சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் அது கீழே வந்து சேர்ந்தது.

புது வீட்டில் டீச்சர் வாசித்துப் பார்த்தபோது சில கட்டைகள் சுதி விலகி ஒலித்தன. எங்கேயாவது இடித்துவிட்டதா என்று பூனை அதைச் சுற்றிவந்து பார்த்தார். இடம் மாறினால் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், அறைக்குப் பழகினதும் சுதி சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, டீச்சர் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார். வேனில் ஏற மனசில்லாமல் எல்லோரும் வாசலில் நின்று கேட்டார்கள்.

அடுத்த வாரம் யாரோ மாடியிலிருந்து ஒரு கல் மேசையை இறக்க வேண்டும் என்று போன் செய்தார்கள். வருகிறீர்களா என்று மனைவி கேட்கவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் கேட்டாள்.

"முதல்ல படிக்கட்டைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று வேன் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார் பூனை.