கழுத்து காலியான எண்ணெய்க் கேன்

சூடேறிய கடலை எண்ணெயின் வாசமும் டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் கேன் ஒழுகுகிறதா என்று என் கண் தேடும். அடுத்த நிமிஷமே மனம் குளிர்ந்துவிடும்.

அக்காவைக் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். கல்யாணச் சீரில் போன வெல்லக் கூடை நிறைந்திருக்கவில்லை என்று அவள் மாமியார் ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டினார். ஆகவே, வளைகாப்புச் சீராக எடுத்துப்போக, கடத்தூர் மில்லில் ஆட்டிய எண்ணெயை அம்மா விடியற்காலைக் குளிரில் கழுத்துக் குறுகிய பத்து லிட்டர் தகரக் கேனில் வாய்வரை ஊற்றி, மூடியைச் சுற்றித் துணி சோப்பைப் பிசைந்து அப்பினாள். "பொண்ணு வூட்டுக்குப் போறது ததும்பத் ததும்ப இருக்கணும்" என்றாள். இந்தத் தடவையாவது அக்கா அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதே அவளுக்குக் கவலை.

சித்திரை மாதம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. டிரைவருக்குப் பக்கத்திலுள்ள இன்ஜின் மூடியின் மேல் கேனை வைத்துவிட்டு நின்றோம். மொரப்பூர் ரயில்வே கேட்டில் வெகுநேரம் காத்துக் கிடந்தும் டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. சோப்பு இளகியது, எண்ணெய் பொங்கி வழிந்தது; பக்கத்து சீட்டில் கிளிப்பச்சைப் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் மடியெல்லாம் நனைந்துவிட்டது. அம்மா பதறிப்போனாள். அவரோ, "இருக்கட்டும் உடுங்க, வேணும்னா ஊத்துனீங்க?" என்று கேனை இறக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

சூட்டில் கேனும் விரியும், எண்ணெய் அதைவிட அதிகமாக விரியும் என்று பின்னாளில் பள்ளியில் படித்தேன். ஆறியதும் மிஞ்சியது சுருங்கும் என்பதை அன்று மத்தியானமே பார்த்துவிட்டேன். சபை நடுவே மாமியார் மூடியைத் திறந்தபோது கேனின் கழுத்து முழுவதும் காலி.

"இதுலயுமா கொறை?" என்றார். அக்கா வளையல் அடுக்கிய கைகளோடு தலைகுனிந்தாள்.

அப்போது கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார் பஸ்ஸில் பார்த்த அதே அம்மாள். அவர் அக்காவின் அடுத்த வீட்டுக்காரர் பாப்பம்மாள் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "ஏனுங்கக்கா கொறைங்கறீங்க? பஸ்ஸு சூட்டுல பொங்கிருச்சு. மீதி எண்ணெ இதா, என் சேலையில இருக்குது, அளந்துக்கங்க" என்று மடியை விரித்துக் காட்டினார். சபை சிரித்தது, மாமியாரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சீர்ப்பேச்சே எழவில்லை.

இப்போது சீர் எண்ணெய் பாக்கெட்டில் போகிறது. பாப்பம்மாளும் போன மாசியில் காலமாகிவிட்டார். துக்கத்துக்குப் போயிருந்தபோது, கடத்தூரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை பழையதெல்லாம் சொல்லி அழுதார். "என் கல்யாணப் பட்ட ஒரு வளைகாப்புக்கு எரவலா கட்டிக்கிட்டுப் போச்சுங்க எங்கக்கா. கிளிப்பச்சை. கறையோட கொண்டாந்துச்சு. நான் பேசாத பேச்சில்ல. தன் கைதான் தவறிப்போச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லிச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அது எங்கள் எண்ணெய் என்று சொன்னேன்.