ஒன்றரை வரி

அன்றைக்குக் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, நான் அங்கே இல்லவே இல்லை என்று சாதித்தால் எனக்குப் பதில் பேச வராது. ஊர் அம்பலம் இருந்தார். எங்கள் ஊரில் கோயில் காரியம் எல்லாம் அவர் சொல்படிதான். அவருக்குப் பக்கத்தில் வரிக்கணக்கு எழுத என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன். சன்னதிப் படியில் பூசாரி. வரி பேச வந்த ஆண்கள் பதினோரு பேர். புதுக்கோட்டையில் செல்போன் கடையில் வேலை பார்த்த என் மாமா, வண்டியை விட்டு இறங்காமல். பெண் என்று பார்த்தால் அம்மா ஒருத்திதான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தம்பி, தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் ஊர் தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக்காட்டுக்குள் நடக்க வேண்டிய ஊர். வைகாசியில் அம்மனுக்குத் திருவிழா, அதற்கு வீட்டுக்கு வீடு வரி. கல்யாணமான ஆம்பளை ஒருவர், தனி அடுப்பு ஒன்று, இரண்டும் இருந்தால் அது ஒரு தலைக்கட்டு. அதற்கு முழு வரி. அந்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். புருஷனை இழந்த பெண்களுடைய வீட்டுக்கு, இரக்கப்பட்டு, அரை வரி. இரக்கத்துக்கு ஏற்ற மாதிரி கிடாக்கறியிலும் அவர்களுக்குப் பாதிக் கூறுதான். அதுவும் மற்ற எல்லாரும் வாங்கிப்போன பிறகு, எலும்பும் கொழுப்புமாக மிஞ்சியதிலிருந்து.

எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். அப்பா சாகவில்லை. போர் போடுகிற லாரியில் வேலைக்கு என்று வடக்கே போனவர், முதல் வருடம் அவராகப் போன் பண்ணினார், இரண்டாம் வருடம் நாங்கள் பண்ணினால் எடுத்தார், அதற்கப்புறம் அந்த நம்பரில் ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னாள். அவள் போன் கம்பெனிக்காரி, எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாள் என்று மாமா விளக்கும்வரைக்கும் நான் அவளை நினைத்துப் பல நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். ஆக அப்பா இருந்தும் இல்லை. பெரியப்பா யோசித்துப் பார்த்து, தம்பி குடும்பத்துக்கு ஒரு உதவியாக இருக்கட்டும் என்று எங்களை அரை வரியில் சேர்த்துவிட்டார். அம்மா முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டு விரல் தோல் உரிந்து, பால் ஒட்டாமலிருக்கத் தடவிய சாம்பல் அப்பிய கையோடுதான் எப்போதும் வீட்டுக்கு வருவாள். எழுநூற்று ஐம்பது குறைந்தால் நல்லதுதானே என்று ஊரே நினைத்தது.

நான் மட்டும் வேறு மாதிரி நினைத்தேன். முழு வரி கொடுத்தால் அம்மன் வீட்டை முழுசாகக் காப்பாள். அரை வரி கொடுத்தால்? எந்த அரை? எங்களுடையது ஒரு அறையும், அதை ஒட்டிக் கூரை இறக்கிய ஒரு சார்ப்பும். அம்மன் அறையைத்தான் காப்பாள், சார்ப்பைக் கைவிட்டிருப்பாள் என்று முடிவுகட்டி என் புத்தகப்பையை அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். பிறகு, வீட்டைக் குறுக்காகப் பிரிக்காமல் நெடுக்காகப் பிரித்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். தம்பி தூக்கத்தில் உருண்டு அங்கிட்டுப் போகிறபோதெல்லாம் காலைப் பிடித்து இங்கிட்டு இழுத்துப் போட்டேன். அந்த மாசி மாதம் எனக்குக் காதில் சீழ் வந்தது. ஒரே காதில். இன்னொரு காது நன்றாக இருந்தது. எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அம்மா இதையெல்லாம் பற்றி வாயே திறந்தது இல்லை. முந்தின திருவிழாவில் கறி கொடுத்த பையன், பாவம் சின்னப் பையன், வரிசை தெரியாமல் நின்றவர்களைப் பார்த்து "அரையெல்லாம் இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டான். அம்மாவும் நாலைந்து கிழவிகளும் அங்கிட்டிருந்து இங்கிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து அம்மா அந்தக் கறியைக் குழம்பு வைத்து எங்களுக்கு ஊற்றினாள். தான் ரசம் ஊற்றிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. மறு வருடம் வரி பேசுகிற அன்றைக்குத் தலைக்குக் குளித்து, எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பொம்பளைகள் வராத கூட்டத்துக்குப் போய் நின்றாள்.

அங்கே நடந்துகொண்டிருந்ததெல்லாம் வரியைக் குறைக்கிற பேச்சு. ஒருவருக்கு மாடு செத்துவிட்டது. ஒருவர் தன் கல்யாணமே செல்லாது என்றார். பெரியப்பாவுக்குக் கல்யாணமான மகன்கள் மூன்று பேர். எல்லாரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவதாகவும் ஆகவே ஒரே தலைக்கட்டு என்றும் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டிருந்தார். அம்பலம் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மூணு சிலிண்டரு எறங்குதேப்பா ஒங்க வீட்டுல?" என்று கேட்டார். பெரியப்பா பதறவில்லை. "சிலிண்டரு மூணுதாங்க. அடுப்பு ஒண்ணு" என்றார்.

இந்த இடத்தில்தான் அம்மா பேசினாள். எங்கள் வீட்டுக்கு முழு வரி போடுங்கள் என்றாள்.

அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து யாரும் அந்த வாசலில் வரியைக் கூட்டிக் கேட்டது கிடையாது. வெயிலில் நடந்து வந்தாயா, தண்ணீர் குடிக்கிறாயா என்று அம்பலம் அக்கறையாக விசாரித்தார். பெரியப்பாவுக்குக் கோபம், செய்த உதவியைத் தூக்கி முகத்தில் எறிந்த மாதிரி ஆகிவிட்டதே. வீட்டில் ஆம்பளை இல்லாமல் தலைக்கட்டு எங்கிருந்து வரும் என்று அவர் கேட்க, ஆம்பளை செத்துப்போனான் என்று நீங்கள் எப்போது எனக்குச் சொன்னீர்கள் என்று அம்மா கேட்டாள். தாலி கழுத்தில்தான் இருந்தது. பெரியப்பா குனிந்து பேனாவுக்கு மை இருக்கிறதா என்று பார்த்தார்.

எனக்கோ இரண்டு பயம். முழு வரி என்றால் அம்மா இன்னும் எத்தனை மூட்டை முந்திரி உடைக்க வேண்டும், அதற்கு விரலில் தோல் பாக்கி இருக்குமா என்று ஒரு பயம். போடாவிட்டால் சார்ப்பின் கதி என்ன என்று இன்னொரு பயம்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் திருநீறு பூசுகிறவர் அல்ல. கோயிலுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற வேண்டுமே என்பதற்காகவே வண்டியில் உட்கார்ந்திருந்தார். "வாக்கா போவோம். சாமி பேரச் சொல்லி மனுசர முழுசு, அரைன்னு பிரிக்கிறாய்ங்க. நீயும் இவய்ங்ககிட்ட வந்து வாங்கிக் கட்டிக்கிற. ஒனக்கு மானமே இல்லையா?" என்றார்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமி எங்கடா என்னய அரையாக்குச்சு? இவுக ஆக்குனாக. அத அவகிட்டக் கேட்டுக்கிருவம்னுதான் வந்திருக்கேன். நீ வண்டியப் பாரு."

பூசாரிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஊர் கேட்டுத் தீராததை ஆத்தாளிடம் பூ வைத்துக் கேட்பது வழக்கம்தானே என்றார். அம்பலத்துக்கும் அது நிம்மதி. தீர்ப்பு தப்பானால் தன்மேல் வராது. செவ்வரளி ஒன்று, வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து நூலைச் சுற்றி, குலுக்கி, அம்மன் காலடியில் பூசாரி போட்டார். வெள்ளை வந்தால் முழு வரி, சிவப்பு வந்தால் அரை. எடுப்பதற்கு விவரம் தெரியாத குழந்தை வேண்டும். தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டான். "அந்தப் புள்ள எடுக்கட்டும். அதுக்கு என்னா தெரியும்" என்று அம்பலம் என்னைக் காட்டினார்.

எல்லாமே தெரிந்ததுதான் என் கஷ்டம். படியேறிப் போய் நின்றேன். இரண்டு பொட்டலமும் ஒன்றுபோல இருந்தன. இதை எடுத்தால் அம்மாவின் விரல் போகும். அதை எடுத்தால் சார்ப்பு போகும். எது எது என்பதும் தெரியாது. பின்னால் யாரோ சீக்கிரம் எடு தாயி என்றார்கள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலாக அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி இல்லாமல், கொடுத்ததைக் கேட்க வந்தவள் மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். திறந்து பார்த்தால் வலது கையில் ஒரு பொட்டலம், இடது கையில் ஒரு பொட்டலம்.

பூசாரியின் அப்பா காலத்திலிருந்து அந்தச் சன்னதியில் பூக் கேட்கிறார்கள், யாரும் இரண்டையும் எடுத்ததில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பெரியப்பா, இது செல்லாது, பழையபடி அரையே இருக்கட்டும் என்றார். வேறு ஒருவர், மறுபடியும் எடுக்கச் சொல்லலாம் என்றார். பூசாரி பதறிப்போய் மறுத்தார். ஆத்தா ஒரு தடவை கொடுத்ததை வேண்டாம் என்று மறு தடவை கேட்டால், அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்கு அவர் ஆள் இல்லை.

அம்பலம் மீசையைத் தடவிவிட்டு, "முழுசும் வந்திருக்கு. அரையும் வந்திருக்கு. ரெண்டயும் அவதானப்பா குடுத்திருக்கா" என்றார். "கூட்டிக்க வேண்டியதுதான்."

"கூட்டுனா?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணரை."

பதினோரு பேரும் சிரித்தார்கள். மாமா வண்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அரை வேண்டாம் என்று வந்த இடத்தில் ஒன்றரையை வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று எனக்கு அழுகை இன்னும் கூடியது. அம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சரி என்றாள். முழு வரியை வழக்கப்படி என் வீட்டுக்காரர் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், அரையை என் பெயரில் எழுதுங்கள் என்றாள்.

பெரியப்பா எழுதத் தொடங்கினார். முதல் வரி முடிந்தது. இரண்டாவதில் அப்பா பெயரையே மறுபடி எழுதி, சம்சாரம் என்று போடப்போனார்.

"எனக்குப் பேரு இருக்குங்க" என்றாள் அம்மா.

பேனா நின்றுவிட்டது. பெரியப்பா அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம் பூசாரியைப் பார்த்தார். அம்மா ஆலங்குடிப் பக்கம் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ஊருக்கு அவள் ஆலங்குடியாள்தான். பத்து வருடத்துக்கு மேல் அவள் கையால் காப்பி குடித்த மூத்தாரான பெரியப்பாவுக்கு அவள் பெயர் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். அம்மாவும் சொல்வதாக இல்லை, நின்றாள். கடைசியில், ரேஷன் கார்டை வைத்து எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருந்த தம்பிதான் சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொன்னான்.

அந்த வருடம் எங்களுக்கு முழுக் கூறு கறி வந்தது, எல்லாரோடும் சேர்ந்து முன்வரிசையில். அரைக்கூறு தனியாக வேண்டுமா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். அதன் பிறகு ஆண்டுதோறும் அப்பா பெயரில் முழு வரி. அதை அம்மா நாள் தவறாமல் கட்டினாள். அந்த ஒரு வருடத்து அரை வரி மட்டும், அவள் பெயரில் இருந்தது, கட்டப்படாமலே கிடந்தது.

எங்கள் ஊரில் வரி கட்டியவர்கள் பெயரை யாரும் வாசிப்பதில்லை. பாக்கிக்காரர்கள் பெயரைத்தான் காப்புக் கட்டுகிற அன்று சாயங்காலம் மைக்கில் வாசிப்பார்கள். அதற்குப் பயந்து மத்தியானமே வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடுகிறவர்கள் உண்டு. பஸ் ஏறி ஊரைவிட்டுப் போய்விடுகிறவர்களும் உண்டு. அம்மா அன்றைக்கு அரைநாளோடு வேலையை விட்டு வந்து, சாம்பல் போகக் கையைத் தேய்த்துக் கழுவி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மைக்செட் குழாய் கட்டிய கம்பத்தடியில் போய் நிற்பாள். எனக்கு அவமானத்தில் உடம்பு கூசும். எங்களிடம் பணம் இருக்கிற வருடமும் அவள் கட்டவில்லை. மறந்துவிடுகிறாளோ என்று நானும் நினைவூட்டிப் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். பரீட்சை ஹாலில் எனக்கு முன்னாலிருக்கிறவளின் பேனா எழுதாமல் போனால்கூட எனக்கு வியர்க்கும். வாத்தியாரம்மாவே பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்கள். திருக்கோகர்ணத்தில் ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி கட்ட உட்கார்ந்தேன். முதல் சம்பளம் வாங்கிய அன்று அம்மாவிடம் சொல்லாமல் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய் அந்தப் பாக்கியைக் கட்டினேன். அவருக்கு என்னைவிட நிம்மதி. கோடு போட்டு அடித்துவிட்டு, பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காப்பி கொடுக்கச் சொன்னார்.

அம்மாவுக்குச் சேதி போய், நான் காப்பி குடித்து முடிக்கும் முன்னே வந்துவிட்டாள். "ஒன்ன யாருடி அடைக்கச் சொன்னா?" என்றாள் என்னிடம். பெரியப்பாவிடம் பணத்தைத் திரும்பக் கேட்டாள். அடித்த கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதச் சொல்லி, எழுதி முடிக்கிறவரைக்கும் நகரவில்லை. சிக்கனம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். ஆனால் அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய், என் கண் முன்னாலேயே அந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து உண்டியலில் போட்டாள்.

"ஆத்தாளுக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. அது வேற, இது வேற" என்றாள்.

அம்மனுக்குப் பணம் சேர்ந்த பிறகு பாக்கி எப்படி இருக்க முடியும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். எந்தப் பக்கம் கூட்டிக் கழித்தாலும் எனக்குக் கணக்கு இடித்தது.

அம்பலம் இப்போது இல்லை, அவர் மகன்தான் வாசிக்கிறார். இந்த வைகாசியிலும் காப்புக் கட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாக்கிக்காரர்கள் மூன்றே பேர். முதல் இரண்டும் ஆண்கள், இரண்டு பேரும் ஊரில் இல்லை. அம்மா கம்பத்தடியில் நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்திரிக்காட்டுக்கு அப்பால் ரோடு வரைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தார்:

மாரிக்கண்ணு. பாக்கி, எழுநூற்று ஐம்பது ரூபாய்.