ஒரே பெட்டியில் இரண்டு கார்டு

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். திருத்தணி வீட்டுக்குத் திரும்பியபின், சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் நைனாவுக்குக் கோபம் வந்து போனைப் பிடுங்கிக்கொள்வார்.

நான் வீட்டிலிருந்தபடி கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். என் கம்ப்யூட்டரில் பல வருஷமாக லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம்தான். ஒருவருடைய பழைய பேச்சுப் பதிவுகளைக் கொடுத்தால், நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே பேசும் என்று எங்கோ படித்தேன். நைனா நல்லாயிருந்த காலத்தில் எதற்கெடுத்தாலும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார். அவ்வளவும் என் போனில் இருந்தது.

ஆனால் படத்துக்கும் பெரிய கணக்குக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் என் கிராபிக்ஸ் கார்டு அந்த வேலைக்கு ரொம்பப் பழசு. அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, சென்னையில் சர்வர் அறையில் வேலை பார்க்கிறவர். அங்கே கழித்துப் போட்ட கார்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். செங்கல் மாதிரி கனம். பின்பக்கம் மானிட்டர் மாட்டவே இடமில்லை.

"இது கணக்கு மட்டும்தான் போடும். படம் காட்ட உன் பழைய கார்டு இருக்கட்டும்" என்று இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பொருத்திவிட்டு, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆடி மாசம். முகூர்த்தம் கிடையாது. கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டத்தில் தெருவில் கால் வைக்க முடியவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு, வந்த கார்டுக்கான டிரைவர் புரோகிராமை ஏற்றினேன். டிரைவர் இல்லாமல் லினக்ஸுக்குக் கார்டோடு பேசத் தெரியாது. மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். திரை கறுப்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனா என்னைப் பார்த்தார். நான் பாவாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டும் ஒரே கம்பெனி கார்டுதான், ஆனா புது டிரைவர்ல உன் பழைய கார்டக் கைவிட்டுட்டாங்க" என்றார். "பழைய டிரைவருக்கு நான் குடுத்த கார்டு யாருன்னே தெரியாது."

"ரெண்டு டிரைவரையும் போட்டா?"

"அந்தக் கம்பெனி டிரைவர் ஒரு நேரத்துல ஒண்ணுதாம்மா ஏறும்."

போன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருந்தது. திரை மட்டும்தான் செத்துக் கிடந்தது. பழைய டிரைவருக்குத் திரும்பினேன். படம் வந்தது, கனத்த கார்டு காணாமல் போனது. புதியதைப் போட்டேன், அது வந்தது, படம் போனது. நாள் முழுக்க இதே வேலை. "ஆச்சா?" என்று நைனா உதட்டை மட்டும் அசைப்பார். "ஆயினே இருக்குது நைனா" என்பேன்.

பாவா இன்னொரு வழி சொன்னார். பழைய கார்டுகளுக்கென்று வெளியாட்கள் எழுதிய இலவச டிரைவர் ஒன்று லினக்ஸிலேயே உண்டு. படத்துக்கு அது, கணக்குக்குக் கம்பெனி டிரைவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தால், ஒரு நாள் வந்தது மறுநாள் வரவில்லை. நான் எதையும் தொட்டிருக்க மாட்டேன். மெஷின் எழும்போது கம்பெனி டிரைவர் முதலில் நுழைந்தால் தன் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதை விட்டுவிடும். இலவச டிரைவர் முந்திக்கொண்டால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். இது புரிவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் இலவச டிரைவர் தானாக ஏறுவதைத் தடுத்து, மற்றது ஏறியபின் அதை அழைக்கும்படி எழுதி வைத்தேன். இரண்டு கார்டும் வேலை செய்தன. சூடு தணிய மேஜை ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்து, நைனாவின் வாய்ஸ் மெசேஜ்களைக் கொடுத்து அவர் குரலைப் பழக்கினேன்.

ஒரு காலையில் கீபோர்டை நைனாவிடம் தள்ளினேன். அம்மா சமையலறையில் இருந்தாள். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேச்சு. நைனா தமிழ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

ஸ்பீக்கர் பேசியது: "ஏமே, கொஞ்சம் தண்ணி கொண்டா."

நைனாவின் குரல். கொஞ்சம் தட்டையாக, ஆனால் அவருடையதுதான்.

"ஆங், வரேன்" என்றாள் அம்மா, யோசிக்காமல். சொம்போடு வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். ஸ்பீக்கரையே பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து சொம்பை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நைனா எழுந்து போய் தானே சொம்பை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு கீபோர்டைத் தொடவில்லை.

"ஏன் நைனா, நல்லா இல்லியா?"

போனில் எழுதிக் காட்டினார்: "அவ என்னப் பாக்கல."

ஸ்பீக்கரை அவர் மடியில் வைக்கலாமா, நாற்காலிக்குப் பின்னால் வைக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். கேட்டால் தலையை ஆட்டி மறுத்தார். அம்மாவிடம் கேட்டேன். "அவரு வாய் அசையாம அவரு குரல் வருதுடி" என்றாள்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துப் பதிவுகள் வந்து சேர்ந்தன. இலவச டிரைவரில் வீடியோ தத்தித் தத்தி ஓடியது. அதில் எடிட் செய்யவே முடியாது. கல்யாணப் பார்ட்டிக்காரர்கள் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள். கம்பெனியின் பழைய டிரைவருக்குத் திரும்புவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

"குரல அழிக்கல நைனா. அப்டியேதான் இருக்குது. இப்பத்திக்குப் பாவா குடுத்த கார்டு மட்டும் வேல செய்யாது" என்றேன்.

அவர் தலையசைத்தார். திரையில் யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பார்க்க உட்கார்ந்தார்.