இருபத்தொரு சனிக்கிழமை

மயிலாடியில் ராகேலக்காவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. கடியப்பட்டணத்து மீன்காரி எண்ணிப் போட்ட சாளையை மறுபடி எண்ணுவாள். ஜெபத்தில் சபையே கண்ணை மூடியிருக்கும்போது அக்கா மட்டும் திறந்து வைத்திருப்பாள். சபைக் காணிக்கைக் கணக்கு எழுதிய என்னையும் விட்டதில்லை. "கணக்கரே, எம்பேர எழுதினீரா? பாக்கட்டு" என்று நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிஷன் பள்ளியில் படித்தவள், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள், அதனால் வாயை மூடிக்கொண்டு காட்டுவேன்.

அவள் புருஷன் ஞானையன் கல் கான்டிராக்டர். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே. கணக்கில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. கூலிக்காரனுக்குத் திருவிதாங்கூர் காசில் அரைச் சக்கரம் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்க ஒரு மைல் நடப்பார். குறைத்துக் கொடுத்துவிட்டாலும் அதே ஒரு மைல் நடப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் அவருக்கு அருமனைப் பக்கம் ஒரு பாலத்து வேலை கிடைத்தது. திங்கட்கிழமை நாகர்கோவிலில் பஸ் ஏறி, தொடுவெட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டி. சனிக்கிழமை அதே வழியாக வீட்டுக்கு வரவேண்டும்.

பயணம் போனவர் சுகமாகத் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை போடுவது எங்கள் சபை வழக்கம். பேர், தொகை, காரணம் மூன்றையும் நான் எழுதிக்கொண்டு ஆராதனையில் வாசிப்பேன். "ராகேல், ஒரு சக்கரம், புருஷன் பயணம் சுகமானதற்காக." அந்தச் சக்கரத்தில் பாதி நன்றி, பாதி வேவு என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

ஏனென்றால் சில சனிக்கிழமைகளில் ஞானையன் வரமாட்டார். "பாலத்துல வேலை நெருக்கடி, அங்கயே கிடந்துட்டேன்" என்பார் அடுத்த வாரம். அக்கா வண்டிக்காரனை விசாரித்தாள், வேட்டியை மோந்து பார்த்தாள், பெட்டியைக் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகம் மட்டும் குறையவில்லை.

மறு வருஷம் வருமான வரி ஆபீசர் ஊருக்கு முகாம் வந்தார். ஞானையனைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் போகிறாரா என்று பார்க்க அக்காவும் கூடவே போனாள். சபைக் கட்டிட வரவுசெலவு சம்பந்தமாக நானும் அங்கே நின்றேன்.

ஆபீசர் காகிதத்தைப் புரட்டினார். "அருமனைக்குப் போய்வந்த வண்டிக்கூலி, பஸ் கூலி, ஐம்பது தடவை என்று வருமானத்தில் கழித்திருக்கிறீர். பாலம் முடிந்தால் அங்கே வேலையும் முடிந்துவிடும், நிரந்தர வேலையில்லை, அதனால் பயணச் செலவைக் கழிக்கலாம். ஆனால் ஐம்பது தடவைக்கு என்ன சாட்சி?"

ஞானையன் விழித்தார். புருஷன் மாட்டிக்கொண்டதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "சாட்சி உண்டு ஐயா. இவரு வந்த வாரமெல்லாம் நான் காணிக்கை போட்டிருக்கேன். இந்தக் கணக்கரு எழுதியிருக்காரு."

"அது எதுக்கு இப்ப?" என்றார் ஞானையன், அவசரமாக.

அந்த அவசரம் போதும் அக்காவுக்கு. "நோட்டை எடுத்துட்டு வாரும் கணக்கரே" என்றாள். குரலே மாறிவிட்டது.

கொண்டுவந்தேன். ஆபீசர் விரல் வைத்து எண்ணினார். இருபத்தொன்பது.

"மீதி இருபத்தொன்று? ஒவ்வொரு சனிக்கிழமையும் அருமனையிலிருந்து புறப்பட்டதாக எழுதியிருக்கிறீர். வீட்டுக்கு வரவில்லை. பிறகு எங்கே போனீர்?"

ஞானையன் பெண்சாதியைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார். "பொய் எழுதிட்டேன் ஐயா. அந்த வாரமெல்லாம் நான் எங்கயும் போகல்ல. பாலத்துக்கிட்டயேதான் கிடந்தேன். அபராதம் கெட்டுகேன்."

ஆபீசருக்கு ஏக சந்தோஷம். சிவப்பு மையில் எழுதித் தள்ளினார். ஒப்புக்கொண்டுவிட்டாரே, நல்ல மனுஷன் என்று மடையன் நானும் நினைத்தேன்.

திரும்பும் வழியில் ஞானையன் முன்னால் வேகமாகப் போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"கணக்கரே, இவரு என்னைக்காவது பொய்க்கணக்கு எழுதினதுண்டா?"

அக்காவே பதிலும் சொன்னாள்.

"இருபது வருசமா கூட இருக்கேன். எழுதமாட்டாரு. அந்த இருபத்தொரு சனிக்கிழமையும் இவரு வண்டி ஏறித்தான் இருக்காரு. எறங்கினது எனக்க வாசல்ல இல்ல. அதச் சொல்லதவிட அபராதம் கெட்டுகது மேலுண்ணு நினைச்சிட்டாரு."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் என் மேஜையில் இருபத்தொரு சக்கரத்தை அடுக்கி வைத்தாள். காரணத்தைச் சொன்னாள். என் பேனா நின்றுவிட்டது.

"எழுதும்" என்றாள்.

எழுதினேன். வாசிக்கும் நேரமும் வந்தது. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஞானையன் உட்கார்ந்திருந்தார். நோட்டைப் பிரித்து வாசித்தேன்.

"ராகேல், இருபத்தொரு சக்கரம், சந்தேகம் தீர்ந்ததற்காக."

ஞானையன் தலை தூக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா அதைப் பார்க்காமலே போய்விட்டாள்.