முறுக்கிக்கொண்ட இறக்கை

ரயில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரும் அவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் பைலட். ஊரையே ரயிலேற்றி அனுப்புகிறவள், தான் மட்டும் வீட்டுக்கும் கவுன்ட்டருக்கும் நடுவில் செக்கு மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தாறு. அம்மா போனபின் வீட்டில் அவளும் அப்பாவும்தான். கல்யாணமாகிப் போன தங்கை ஃபோனில் மட்டும் பாசத்தைப் பொழிவாள்.

பைலட் என்ற பெயருக்குக் காரணம், சாப்பாட்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த ஓர் இரும்புத் தகடு. அதன்மேல், தான் செய்யும் பொம்மை விமானத்தின் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தாளைப் போடுவாள். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற பால்சா மரக் குச்சிகளைக் கோட்டின்மேல் வைத்து, இரண்டு பக்கமும் சின்னக் காந்தக் கட்டைகளால் நெருக்கிப் பிடிப்பாள். பசை காயும்வரை காந்தத்தை எடுக்கக் கூடாது. எடுத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், விமானம் நேராகப் பறக்காது.

இந்த முறை செய்தது பெரிய விமானம். ரப்பர் பட்டையை முறுக்கிவிட்டால் பறக்கும். குடியிருப்புக்குப் பின்னாலிருந்த மைதானத்தின் சுவரை அது தாண்டிப் போக வேண்டும், திரும்பக் கிடைக்காவிட்டாலும் சரி. இந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று தொலைவாகப் போவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் நெஞ்சில், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை வைத்தார்கள்.

"காந்தம் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தா போதும்" என்றார் டாக்டர். அப்பா காதில் காந்தம் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

ஒரு மனிதர் காந்தத்துக்குப் பயந்தால் விலகித்தானே போக வேண்டும்? இவரோ, "காத்து இங்கதான் வருது" என்று நாற்காலியை மேசையோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தகட்டைத் தூக்கிக்கொண்டு அவள் தன் அறைக்குப் போனால், கண்ணாடியைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். சமையலறை மேடையில் வைத்தால் தண்ணீர் குடிக்க வந்தார். மூச்சு விட இடமில்லாமல் போயிற்று அவளுக்கு.

கடைசியில் அவர் தூங்கும் மதிய நேரம் பார்த்து இறக்கையை ஒட்டினாள். பசை ஈரமாக இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டார்.

"என்னமோ படபடன்னு வருதும்மா."

"தள்ளித்தான்ப்பா இருக்கு. டாக்டர் சொன்னாரில்ல?"

"நீ சொன்னா சரிதான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா தங்கச்சிகிட்ட நீயே பதில் சொல்லிக்கோ."

அவள் காந்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு, பரணில் ஏற்றினாள். அவருடைய படபடப்பு போன இடம் தெரியவில்லை. "டீ போடேன்" என்றார் அப்பா.

இறக்கையின் நுனி லேசாக முறுக்கியிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவு சின்ன முறுக்கு என்ன செய்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இறக்கைமேல் மெல்லிய தாளை ஒட்டி முடித்தாள்.

விடுமுறை நாள் காலையில் மைதானத்துக்குப் போனாள். அப்பா மாடி ஜன்னலில் நின்றிருந்தார். ரப்பர் பட்டையை முறுக்கி விமானத்தை விட்டதும் ஜிவ்வென்று ஏறியது. சுவரை நோக்கிப் பாதி தூரம் போனது, இடது பக்கம் சாய்ந்தது. பெரிய வட்டமாகச் சுற்றி, பிறகு சின்ன வட்டமாகச் சுற்றி, அவள் செருப்பருகே வந்து உட்கார்ந்தது.

"பரவாயில்லையே" என்று மேலிருந்து அப்பா சிரித்தார். "விட்ட இடத்துக்கே சமத்தா திரும்பி வந்துடுச்சே."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதை அவர்மேல் காட்டவும் முடியவில்லை. காந்தங்களை எடுத்தது அவள் கைதான்.

"வெயில் ஏறுதும்மா, மேல வா."

"வரேன்ப்பா" என்றாள்.