கோட்டை அருங்காட்சியகத்தில் என் மனைவியின் தூக்கம்

காணாமல் போன ஒருவரைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால், தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அவர் இறந்ததாகவே கொண்டு அதை எரித்து, மற்ற காரியங்களையும் முறைப்படி முடித்துவிட வேண்டும். விதி அதுதான். என் மாமியார் விஷயத்தில் அது நாற்பத்திரண்டு ஆண்டுகள் அமலுக்கு வரவில்லை.

மாமனார் ரங்கூனுக்கு எதிர்க்கரையான டாலாவில் குடியிருந்தவர். ஒரு நாள் காலையில் படகேறி ஆற்றைக் கடந்து லான்மடாவ் பக்கம் மூட்டை தூக்கப் போனவர் திரும்பவில்லை. அப்போது என் மனைவிக்குப் பதினோரு மாதம். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. மாமியார் புல்லை எரிக்கச் சம்மதிக்கவே இல்லை. "நாளைக்கு ஆளு வாசல்ல வந்து நின்னா, எரிச்சதுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டே மூன்று ஐயர்களைத் திருப்பி அனுப்பினார். 1988-இல் அவர் இறந்தபோது நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, தலை நிறையப் பூ. சுமங்கலியாகப் போனார் என்று தெருவே பேசியது.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவன். உடலும் மருத்துவர் சீட்டும் இல்லாமல் என் மேஜையில் யாரையும் சாக விட்டதில்லை. மனைவி தன் தகப்பனுக்காகக் கேட்டபோதும், போருக்கு முந்திய புத்தகங்கள் கைவசம் இல்லை என்று எல்லோருக்கும் கொடுக்கும் அதே தாளில்தான் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தேதி. வருடத்தில் ஒரு நாள் அவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட ஒரு தேதி. அதை எழுபத்திரண்டு வயது வரை யாரும் கொடுக்கவில்லை. கட்டிய கணவனும் கொடுக்கவில்லை.

2004-இல் ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் எங்களை அழைத்தாள். பாஸ்போர்ட் கைக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. அந்த வரிசைகளைப் பற்றி எழுதினால் அது தனிப் புத்தகமாகும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் மகள் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு வாரம் மாதா கோயில்களும் கோட்டைகளும் மியூசியங்களுமாகச் சுற்றிக் காட்டினாள்.

தெற்கே ஒரு மாதா கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு எலும்புக்கூட்டைச் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரோ புனிதர். பட்டுச் சட்டை, விரல் எலும்பு ஒவ்வொன்றிலும் மோதிரம், கண் குழியில் நீலக் கல். நாங்கள் நகர்ந்தபோது அந்தக் கல் எங்களோடு கொஞ்சம் நகர்ந்தது. வெளிச்சத்தின் வேலைதான். ஆனாலும் நான் மூன்று முறை திரும்பிப் பார்த்தேன்.

"செத்தவங்களப் பாக்கவா இவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்தோம்?" என்றாள் மனைவி.

"எல்லாரும் இதத்தாம்மா பாக்க வர்றாங்க," என்றாள் மகள்.

"பாத்தியா, இவருக்குக்கூட தேதி எழுதி வச்சிருக்காங்க."

அதன் பிறகு ஒவ்வொரு கல்லறை முன்னும் நின்று தேதியை மட்டும் மகளிடம் படிக்கச் சொன்னாள். பெயரைக் கேட்கவில்லை. தரையில் பதித்த கல்லில் பாதி தேய்ந்துபோன தேதிகளையும் விடவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு சிறிய கோட்டைக்குப் போனோம். அந்தக் காலத்தில் கிழக்கு நாடுகளில் அலைந்த ஒரு பிரபுவின் வீடாம், இப்போது மியூசியம். கீழ்த்தளத்தில் வாள்களும் மான் கொம்புகளும். மேலே கடைசி அறையில் சுவர் முழுக்க மனித முகங்கள். உயிருள்ள ஆட்களின் முகத்தில் சுண்ணச் சாந்தை அப்பி அச்செடுத்து, வார்த்து, பழுப்புச் சாயம் பூசியவை என்று மகள் பலகையைப் படித்துச் சொன்னாள். இறந்தவர்களிடமும் எடுத்திருக்கிறார்களாம். எல்லாம் கண் மூடியவை. அறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. ஆனால் கூட்டத்துக்குள் நுழைந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

இருபத்தேழாவது முகத்தின் கீழே "தமிழன், ஆண், ரங்கூன்" என்று இருந்தது. அவ்வளவுதான். பெயர் இல்லை, தேதி இல்லை.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். இடது பக்கம் இறங்கிய வாயோரம், உள்ளே இழுபட்ட கீழுதடு, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் யோசிப்பதுபோல் லேசாகச் சுருங்கிய புருவம். ஐம்பது வருடமாகத் தினம் காலையில் என் பக்கத்துத் தலையணையில் பார்க்கும் முகம். என் மனைவி தூங்கும்போது இருக்கும் முகம்.

அவள் அதன் முன்னால் நின்று பார்த்தாள். "பாவம், நம்மூரு ஆளு," என்று சொல்லிவிட்டு இருபத்தெட்டாவதுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தூங்கும் தன் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

நான் வாயைத் திறக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் எதையும் பதிவு செய்வதில்லை என்பது பழக்கம்.

திரும்பும் வழியில் பின் சீட்டில் அவள் கண்ணயர்ந்தாள். பிற்பகல் வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. மகள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள், இன்னொருமுறை பார்த்தாள். பிறகு காரைச் சாலை ஓரமாக நிறுத்தினாள்.

"அப்பா," என்றாள், தலையைத் திருப்பாமல். "நீங்க அங்கயே பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

அதற்குள் மனைவி விழித்துவிட்டாள். "என்ன ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க? எச்சி ஒழுகுதா?"

மகள்தான் சொன்னாள். மனைவி கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "வண்டியத் திருப்பு," என்றாள்.

மூட அரை மணி இருக்கும்போது மறுபடியும் அந்த அறையில் நின்றோம். மகள் கைகூப்பப் போனாள். அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள் மனைவி. "கும்புடாத. உசுரோட இருக்கறப்ப எடுத்ததா இருந்தா? தோஷம்." பிறகு காவலுக்கு நின்ற அம்மாளிடம் கேட்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கண்ண மூடச் சொல்லி எடுத்தாங்களா, மூடுன பெறகு எடுத்தாங்களா?"

காவல்கார அம்மாளுக்குத் தெரியவில்லை. எழுத்து மூலம் கேட்டால் ஆறு வாரத்துக்குள் பதில் வரும் என்று ஒரு படிவம் கொடுத்தாள். நல்ல படிவம். கட்டங்கள் போதுமான அகலம்.

ரங்கூன் திரும்பி, பாஸ்போர்ட்டை உரிய அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, நிதானமாக எழுதினேன். நான்கு கேள்விகள்: பெயர், தேதி, இடம், உயிருடனா இல்லையா. இணைப்பாக ஓர் ஆதாரம் வேண்டுமே. மனைவி தூங்கும்போது எடுத்த புகைப்படத்தை வைக்கலாம் என்பது என் யோசனை. இப்போது நினைத்தால் அதைவிட முட்டாள்தனம் இல்லை.

லான்மடாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாயைப் பகல் இரண்டு மணிக்கு வரவழைத்தேன். அவரைப் பார்த்ததும் மனைவி பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். அது வேறு யாரோ முகமாக இருந்தது. நடிக்கிற முகத்தில் அந்த வாயோரம் இறங்கவில்லை.

"அசல் தூக்கம் வந்தாத்தான் ஆகும்," என்றேன். பாய் டீ குடித்தபடி காத்திருந்தார். அரை மணியில் அவள் நிஜமாகத் தூங்கினாள். வாய் மெல்ல இறங்கியது, உதடு உள்ளே போனது. பாய் மூன்று படம் எடுத்துவிட்டு அசையாமல் நின்றார்.

"ஐயா, அம்மாவ எழுப்புங்க," என்றார்.

"தூங்கட்டும் பாய்."

"இல்லங்கையா. இப்பவே எழுப்புங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து, "என்ன தம்பி, படத்துல நல்லா விழுந்தனா?" என்று கேட்ட பிறகுதான் அவர் காமிராவை உறையில் போட்டார். படுத்த கோலத்தில் படம் எடுக்க அவரை அழைப்பதெல்லாம் சாவு வீட்டுக்குத்தானாம்.

ஆறு வாரம் போனது. ஆறு மாதம் போனது. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். அதற்கு ஒரு நினைவூட்டு எழுதினேன். வீட்டில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினாள். ஒரு மதியம் அவளே சொன்னாள்: "நீங்க என்னையப் பாக்கற மாதிரி தெரியல. அவரப் பாக்கறீங்க." உண்மைதான். சில சமயம் அவள் மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்திருக்கிறேன். புரட்டாசி மாளய அமாவாசைக்குக் கோயில் ஐயர் ஆள் விட்டபோது, "கடுதாசி வரட்டும்," என்று திருப்பி அனுப்பினாள். அப்படியே அவள் அம்மா குரல்.

கடைசியில் ஒரு நாள் தபால்காரர் படியேறி வந்து, "ஊலே, வெளிநாடு!" என்று பர்மிய வழக்கப்படி மாமா முறை வைத்துக் கூப்பிட்டார். உறையை முன்பே யாரோ பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். நடைமுறைதான்.

முன்னறையில் பிரிக்கப் போனேன். மனைவி தடுத்தாள். அங்கே அவள் அம்மாவின் படம் மாட்டியிருந்தது. "இங்க வேணாம். அடுப்படிக்கு வாங்க." அடுப்படியில் நின்றுகொண்டே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன்.

முதல் வரி, என் மனைவியின் மறைவுக்கு அவர்களுடைய ஆழ்ந்த அனுதாபம். இணைத்த படத்தை அவர்களும் பாய் பார்த்தபடியேதான் பார்த்திருக்கிறார்கள். மனைவி சத்தமாகச் சிரித்தாள். "எனக்கு மட்டும் சீக்கிரமே முடிச்சிட்டாங்க பாருங்க. அடுத்தத படிங்க."

அடுத்தது: உறவை உறுதி செய்ய எங்களுக்கு வழியில்லை. பிரபுவின் குறிப்பேட்டில் இருபத்தேழாம் எண்ணுக்கு எதிரே இருப்பது இவ்வளவே. நகர மருத்துவமனையில், உரிமை கோர யாரும் வராத ஓர் உடலிலிருந்து எடுத்தது. பெயர் கேட்டும் கிடைக்கவில்லை. நாள் எழுதப்படவில்லை, வருடம் மட்டும் உண்டு.

அந்த வருடம், அவர் படகேறிப் போனதற்கு மூன்றாம் வருடம்.

மூன்று வருடம் அவர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் மாமியார் ஒவ்வொரு மாலையும் படகுத்துறையில் நின்றிருக்கிறார். பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குங்குமம் வைத்திருக்கிறார். மனைவி முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்ல வேணாம்," என்றாள், அடுத்த அறையில் ஒருவர் விழித்திருப்பதுபோல் மெதுவாக.

அன்று மாலையே ஐயரிடம் போனோம். முகத்தை வைத்து மட்டும் முடிவு செய்யலாமா என்று நான் இழுத்தேன். "எம் மூஞ்சி. எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. ஐயர் வாதத்துக்கு வரவில்லை. இறந்த நாள் தெரியாவிட்டால், சாவுச் செய்தி காதில் விழுந்த நாளையே திதியாகக் கொள்ளலாம் என்றார்.

கடிதத்தின் தலைப்பில் ஒரு தேதி இருந்தது, அயல்நாட்டு முத்திரையில் ஒன்று, நம்மூர் முத்திரையில் இன்னொன்று. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டேன்.

"உங்க காகிதத் தேதி எதுவும் வேணாம்," என்றாள் மனைவி. "அடுப்படியில நின்னு நீங்க படிச்சீங்கல்ல, அந்தத் தேதி."

ஐயரின் பேனாவை வாங்கி, அவருடைய நோட்டில், என் கையெழுத்திலேயே பதிந்தேன்: ஆவணி, தேய்பிறைச் சதுர்த்தசி. 2006 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை.