மருந்து படாதவர்கள்

‘ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால், யாரை வைத்து நிரூபித்தார்கள் என்று நீங்கள் எப்போதாவது திருப்பிக் கேட்டதுண்டா?

டின்சி கேட்டாள். இடுக்கி மலையில், பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை படிக்கிறாள். அவள் அம்மா சந்தனமேரிக்குக் கை நடுக்கம். டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பும். லயத்தில் வேறு சில பெண்களுக்கும் அதே நடுக்கம். பூச்சிமருந்து கலக்கும் வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். ‘எங்கள் தோட்டத்திலேயே நடந்த ஆய்வின்படி மருந்தால் தொழிலாளிக்குக் கெடுதல் இல்லை’ என்று நிர்வாகம் பதில் எழுதியது. பதில் வந்த மறுநாள் காலையே விசாரணை. அதற்குள் அந்த ஆய்வை மறுக்க முடியாவிட்டால் சந்தனமேரி மறுபடியும் மருந்து டிரம் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

விடுமுறைக்கு வந்திருந்த டின்சி, கல்லூரி நூலகம் பழக்கித் தந்த ஆய்வுத் தரவுத்தளத்தைக் கைபேசியில் திறந்தாள். ஏலம், பூச்சிமருந்து என்று ஆங்கிலத்தில் தட்டினாள். கட்டுரைகள் வந்து கொட்டின. எல்லாம் காயைப் பற்றி! காயில் எவ்வளவு விஷம் தங்கும், வாங்குகிற நாடு அதை ஏற்குமா என்றுதான் கவலை. காய் எடுக்கிறவளின் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. தொழிலாளி, ரத்தம் என்று சேர்த்துத் தேடினாள். ஒன்றே ஒன்று வந்தது. நிர்வாகம் சொன்ன ஆய்வு அதுதான். ஆனால் சுருக்கம் மட்டும் திறந்தது. முழுக் கட்டுரை கல்லூரிக் கணினியில்தான் திறக்கும். புத்தகம் திருப்பிக் கொடுக்கக் கல்லூரிக்குப் போயிருந்த தோழி மௌனிகாவை அழைத்தாள்.

“எங்கடி இருக்க?”

“பஸ்ஸுக்கு நிக்கறேன், ஊருக்கு, கோபாலபுரம் போறதுக்கு. ஏண்டி இப்படி மூச்சு வாங்குற?”

“லைப்ரரிக்குத் திரும்பி ஓடு. ஒரு பேப்பர் வேணும். நாளைக்கு அம்மா விசாரணை.”

“லீவு உட்டாலும் நீ என்னை உடமாட்டயாட்ட இருக்குது. பூட்டற நேரமாச்சுடி!”

ஆனாலும் ஓடினாள். “ஏனுங்க சார், ஒரே ஒரு பேப்பருங்க” என்று அவள் கெஞ்சுவது கைபேசியில் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. டின்சி நகத்தைக் கடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் கோப்பு வந்து விழுந்தது.

முடிவுரையை விட்டுவிட்டு, ஆய்வு செய்த முறையைப் படித்தாள். மருந்து அடிக்கும் ஆண்களின் ரத்தத்தை, ‘மருந்து படாத’ பெண்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். அந்த ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. அம்மாவிடம் ஓடினாள்.

“ரத்தம் எடுக்க வந்தாங்களே, உன்கிட்ட என்னம்மா கேட்டாங்க?”

“மருந்து அடிப்பீங்களான்னாங்க. இல்லைன்னேன்.”

“ஏம்மா அப்படிச் சொன்ன?”

“அடிக்கிறது ஆம்பளைங்கடி. நாங்க டிரம்முல கலக்குவோம், ஓஸ் குழாய் இழுப்போம். கலக்குற கம்பு வழுக்குனா கை முழங்கை வரைக்கும் உள்ள போகும். ஆனா கேட்டதுக்குத்தானே பதில் சொல்ல முடியும்? பொய் சொல்லச் சொல்றியா?”

மறுநாள் லேபர் ஆபீஸ் விசாரணையில் நிர்வாகத்தின் ஆள் சுருக்கத்தைக் கணீரென்று வாசித்தார். டின்சி எழுந்தாள்.

“நீ யாரும்மா, யூனியனா?” என்றார் நிர்வாகத்தின் ஆள்.

“சந்தனமேரி மக. மருந்து படாதவங்கன்னு இதுல எழுதியிருக்கிறது எங்கம்மாவைத்தான் சார். மருந்து கலக்குறதே அவங்கதான். ரெண்டு பக்கமும் விஷம் ஏறுனவங்களையே நிறுத்துனா வித்தியாசம் எப்படித் தெரியும்?”

“ரெண்டு எழுத்துப் படிச்சா டாக்டருங்களுக்கே பாடம் எடுப்பியோ?”

“நீங்க இன்னைக்கு ஒரு டிரம் கலக்கிக் குடுங்க சார். அப்புறம் உங்களையும் ‘மருந்து படாதவரு’ன்னு எழுதிக்கலாம்.”

பின்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். லேபர் அதிகாரி சிரிக்கவில்லை. கட்டுரையை வாங்கி, அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். அடுத்த விசாரணைவரை பெண்கள் மருந்து கலக்கக் கூடாது என்றார். ஆனால் கலக்குவதால் கெடுதல் என்று காட்டும் ஆய்வைக் கொண்டுவர வேண்டுமாம். கெடுதல் இல்லை என்பதற்கு ஓட்டைக் கட்டுரை ஒன்று போதும். கெடுதல் உண்டு என்பதற்கு நடுங்கும் கை போதாது!

டின்சி தேடிக்கொண்டிருக்கிறாள். கலக்குகிற பெண்களைத் தனியாகக் கணக்கெடுத்த ஒரு கட்டுரையும் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரி நூலகக் கணினி கைக்கெட்டும் மாணவர்களே, உங்கள் ஊர் உழைப்பாளிகளைப் பற்றி வந்த ஒரு கட்டுரையை இந்த வாரமே தேடி எடுங்கள். அதில் வெறும் எண்ணாக நிற்கிற மனிதர்களிடம் போய், அவர்கள் மொழியில் படித்துக் காட்டுங்கள். ‘நாங்க அப்படிச் சொல்லலையே’ என்று ஒருவர் சொன்னாலும் போதும். அதை அப்படியே எழுதி, அந்த ஆய்வாளருக்கு அனுப்புங்கள்.